குடல் கிருமியைக் கண்டுபிடித்த கதை: கண்ணாடிக் குழாயிலிருந்து கலர் ஸ்ட்ரிப் வரை

இந்த மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், “ஹாஸ்டல் மெஸ் பற்றியும், கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போனது பற்றியும் வேண்டிய அளவு வந்துவிட்டது. நீயாவது ஏதாவது உருப்படியாக எழுது” என்று சொல்லிவிட்டார்கள். உருப்படியானது எது என்று யோசித்ததில் மெஸ்ஸிலிருந்து ரொம்ப தூரம் போக முடியவில்லை. நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை ஆய்வுக்கூடத்தில் எப்படி அடையாளம் கண்டார்கள், அதற்கான ‘கிட்’கள் எப்படி வந்தன, எதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வரலாற்றைத்தான் எழுதப் போகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் படிக்க வேண்டாம்.

நான் டாக்டர் அல்ல, நுண்ணுயிரியல் படித்தவனும் அல்ல. சிவில் படித்துவிட்டு, தண்ணீர் சுத்திகரிப்பில் பிழைப்பு நடத்துகிறவன். ஆனாலும் நம் சிவில் பிரிவு நண்பர்களுக்கு இந்த விஷயம் அந்நியமானதல்ல. சுற்றுச்சூழல் பொறியியல் லேபில் பத்து மில்லி, ஒரு மில்லி, பத்தில் ஒரு மில்லி என்று குழாய் குழாயாகத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் எந்தெந்தக் குழாயில் காற்றுக்குமிழ் நிற்கிறது என்று எண்ணி, எம்.பி.என். அட்டவணையைப் பார்த்து ரெக்கார்டு எழுதினோமே, அதுதான் இந்தக் கதையின் முதல் அத்தியாயம். அப்போது அதை வெறும் பத்து மார்க் என்றுதான் பார்த்தோம்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் நான் குடியிருக்கும் காட்டுப்பாக்கம். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு பஸ் ஸ்டாப். மேற்கே கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. அங்கே 2007-ல் திறக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்து நகரத்துக்கு அனுப்பும் திறன் கொண்டது. எங்கள் தெருவோ போரையும் லாரியையும் கேனையும் நம்பியே வளர்ந்தது. அரை கிரவுண்டு மனை என்றால் 1200 சதுர அடி. அதில் முன்பக்கம் போர், பின்பக்கம் செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே முப்பது அடி இருந்தாலே அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் வாஸ்து பார்த்து டேங்கை நம் போர் பக்கமாகத் தள்ளிவிட்டார் என்றால் அதுவும் இல்லை. “தம்பி, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?” என்று யாராவது கேட்டால், கேள்வி ஒன்றுதான். பதில் சொல்ல எத்தனை பேர் எத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பதுதான் வியப்பு.

தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்க முடியாது. மலத்தில் மட்டும் ஏராளமாக இருக்கும் ஏதாவது ஒன்றைத் தேட வேண்டும். 1885-ல் ஜெர்மன் குழந்தை மருத்துவர் தியோடோர் எஷெரிஷ், குழந்தைகளின் மலத்தில் ஒரு சாதாரணக் குச்சி வடிவ பாக்டீரியாவை விவரித்தார். அவர் பெயரால்தான் இன்று அதை எஷெரிஷியா கோலை, சுருக்கமாக ஈ. கோலை என்கிறோம். அதற்குச் சற்று முன்பின்னாகத்தான் டைபாய்டு, காலரா கிருமிகளும் கண்ணில் பட்டன. காலராவை ராபர்ட் காக் 1884-ல் நம் கல்கத்தாவில் உறுதி செய்தார். சீதபேதியின் ஷிகெல்லா 1890களின் கடைசியில் ஜப்பானில் பிடிபட்டது. பிடிபட்டதும் ஒரு தொல்லை வந்தது. மைக்ரோஸ்கோப்பில் ஈ. கோலை, டைபாய்டு, சீதபேதி மூன்றும் ஒரே மாதிரி குட்டைக் குச்சிகள்! ஒன்று நம் குடலில் சாதுவாக வாழ்வது, மற்ற இரண்டும் ஆளைக் கொல்வது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முகம் பார்த்துத் தெரியாதவனை என்ன செய்வோம்? கேள்வி கேட்போம். “எந்த ஊர்? என்ன சாப்பிடுவாய்?” என்போம். பாக்டீரியாவிடமும் அதையேதான் கேட்டார்கள். பால் சர்க்கரையான லாக்டோஸ் கொடுத்தால் சாப்பிடுவாயா? சாப்பிட்டால் காற்று விடுவாயா? யூரியாவை உடைப்பாயா? கந்தகத்திலிருந்து அழுகிய முட்டை வாயு உண்டாக்குவாயா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை என்ற பதில். 1898-ல் டர்ஹாம், குழாய்க்குள் கவிழ்த்து வைத்த சின்னக் குழாயில் அந்தக் காற்றைப் பிடித்தார். நாம் லேபில் எண்ணிய குமிழ் அதுதான். 1900களின் தொடக்கத்தில் மெக்கான்கி என்ற ஆங்கிலேயர் இன்னும் சாமர்த்தியம் செய்தார். குடலில் வாழ்கிறவனுக்குப் பித்தநீர் பழக்கம், வெளியில் வாழ்கிறவர்கள் பலருக்கு அது விஷம். ஆகவே வளர்ப்பு ஊடகத்திலேயே பித்த உப்பைச் சேர்த்துவிட்டார். குடல்வாசிகள் வளர்ந்தன. லாக்டோஸ் சாப்பிட்டவை இளஞ்சிவப்பாகவும், டைபாய்டு போலச் சாப்பிடாதவை நிறமற்றும் தெரிந்தன. ஒரே தட்டில் வடிகட்டலும் தரம் பிரித்தலும்! இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரி லேபிலும் மெக்கான்கி தட்டு இல்லாமல் வேலை நடக்காது.

நம் ஊரில் இந்த வேலைக்கெல்லாம் தாய்வீடு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். கொரோனா காலத்தில் ‘ஸ்வாப் கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருக்கிறது’ என்று தினமும் கேட்டிருப்பீர்கள். 1899-ல் அம்மைப்பால் தயாரிக்கத் தொடங்கப்பட்ட நிலையம் அது. மதராஸ் மாகாணத்தின் சானிடரி கமிஷனராக இருந்த லெப்டினன்ட் கர்னல் கிங் என்பவரின் பெயர் அதற்கு. ராஜா யாரும் சம்பந்தப்படவில்லை. தண்ணீர் பரிசோதனை அங்கே நெடுங்காலமாக நடக்கும் வேலை. மாதிரியை ஐஸ் வைத்து எடுத்துப் போக வேண்டும். முதல் கட்டத்துக்கு 48 மணி நேரம், உறுதி செய்ய மேலும் ஒரு நாளோ இரண்டு நாளோ. ஆக, மூன்று நான்கு நாள். ரிசல்ட் வரும்போது அந்தத் தண்ணீரைக் குடித்து, சமைத்து, குளித்து முடித்திருப்போம்.

ஆஸ்பத்திரியில் இன்னும் நீளம். ஈ. கோலையையும் அதன் தூரத்து உறவினர்களையும் பிரிக்க இண்டோல், மெத்தில் ரெட், வோகஸ்–ப்ரோஸ்காவர், சிட்ரேட் என்று நான்கு டெஸ்ட்கள் தனித்தனியாகப் பிறந்து, 1930களில் ஒரே பெயரில் சேர்ந்தன. இன்றும் பி.எஸ்ஸி. மாணவர்கள் ‘இம்விக்’ என்று மனப்பாடம் செய்வது அதைத்தான். ஈ. கோலைக்குப் பதில்: ஆமாம், ஆமாம், இல்லை, இல்லை. க்ளெப்சியெல்லா பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். இப்படி ஒரு நோயாளிக்குப் பதினைந்து இருபது குழாய். ஒவ்வொரு ஊடகத்தையும் காய்ச்சி, ஊற்றி, ஆட்டோகிளேவ் செய்து, பஞ்சடைத்து வைக்க வேண்டும். ஒரு லேப் டெக்னீஷியனின் பாதி நாள் சமையல்காரர் வேலையிலேயே போய்விடும்.

இந்தச் சமையலை ஒழிக்கத்தான் 1960களின் கடைசியிலும் 70களிலும் கிட்கள் கிளம்பின. பிரான்ஸில் ஏ.பி.ஐ. என்ற நிறுவனம் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் இருபது குட்டிக் குழிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு டெஸ்டுக்கான மருந்தை உலர்த்தி வைத்தது. பாக்டீரியாவை உப்புத் தண்ணீரில் கலக்கிக் குழிகளில் விட்டு, ஒரு ராத்திரி 37 டிகிரியில் வைத்தால் காலையில் நிறங்கள் தயார். இதில் பொறியியல்காரர்களுக்குப் பிடித்த ஒரு சமாசாரம் உண்டு. டெஸ்ட்களை மும்மூன்றாகப் பிரித்து, ஆமாம் என்றால் முறையே 1, 2, 4 என்று மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவார்கள். மூன்று பிட், ஓர் ஆக்டல் இலக்கம்! தனியாகச் செய்யும் ஆக்ஸிடேஸ் டெஸ்டையும் சேர்த்து 21 கேள்விகள், ஏழு இலக்க எண். ஈ. கோலைக்கு அடிக்கடி வரும் எண் 5144572. முதல் இலக்கம் 5 என்றால் முதல் டெஸ்ட் ஆமாம், இரண்டாவது இல்லை, மூன்றாவது ஆமாம். 21 கேள்விக்கு ஆமாம்–இல்லை என்றால் இருபது லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள். வந்த எண்ணைப் புத்தகத்தில் தேடினால் ஆள் யார் என்று சொல்லும். டெலிபோன் டைரக்டரி மாதிரிதான்.

ரோஷ் நிறுவனத்தின் என்டரோட்யூப் வேறு யோசனை. ஒரு குழாயில் அறை அறையாக ஊடகங்கள், எல்லாவற்றையும் ஊடுருவி ஒரு கம்பி. கம்பி முனையால் பாக்டீரியாக் கூட்டத்தைத் தொட்டு, மறுமுனையைப் பிடித்து இழுத்தால் எல்லா அறைக்கும் ஒரே இழுப்பில் விதை விழுந்துவிடும். இரண்டாம் பதிப்பில் 12 அறை, 15 விடை. கலக்க வேண்டாம், சொட்டு விட வேண்டாம். ராத்திரி ட்யூட்டியில் தனியாக இருக்கும் டெக்னீஷியனுக்கு இதுதான் வசதி. பேத்தோடெக் என்பது மருந்து தோய்த்த காகிதப் பட்டைகள். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் பாக்டீரியாவிடம் இருக்கும் என்சைம்களையே அது சோதித்ததால், புதிதாக வளரும்வரை காத்திருக்காமல் சில மணி நேரத்தில் பதில் கிடைத்தது. ஆனால் கேட்ட கேள்விகள் குறைவு.

இத்தனை வந்ததும் எது நல்லது என்ற சண்டை வரத்தானே செய்யும்? 1972-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் ஏ.பி.ஐ. பட்டையைப் பழைய குழாய் முறையோடு வைத்து ஒப்பிட்டார்கள். 1974-ல் ஸ்வீடனில் நார்டு, லிண்ட்பெர்க், டால்பெக் என்ற மூவர் ஏ.பி.ஐ., ஆக்ஸோடேப், என்டரோட்யூப், பேத்தோடெக், ஆர்.பி. என்ற ஐந்து கிட்களை ஒரே வரிசையில் நிறுத்திச் சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். நூற்றுக்கு எத்தனை சரி என்று எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தப்பு எங்கே வருகிறது என்பதுதான். உதாரணத்துக்கு ஷிகெல்லா. அது பல டெஸ்டுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லும் ஊமை. சில சோம்பேறி ஈ. கோலைகளும் அதேபோல ‘இல்லை, இல்லை’ என்னும். ஏ.பி.ஐ. பட்டைக்கு இவ்விரண்டையும் பிரிப்பது சிரமம். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் லேசரால் அடித்து நிமிஷக்கணக்கில் பெயர் சொல்லும் மால்டி–டாஃப் என்ற லட்சக்கணக்கான ரூபாய் மெஷினும் இதே இடத்தில் தடுமாறுகிறது. மரபணுவைப் பார்த்தால் இவை இரண்டும் உண்மையில் ஒரே குடும்பம் என்பதால் மெஷினைக் குறை சொல்லியும் பயனில்லை.

இறக்குமதி ஸ்ட்ரிப் வாங்க நம் நாட்டுச் சின்ன லேப்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பின்னாளில் மும்பை ஹைமீடியா போன்றவர்கள் உள்நாட்டிலேயே இதே பாணிக் கிட்களைப் போட்டார்கள். அதுவரைக்கும், ஏன் பல இடங்களில் அதற்குப் பிறகும், பஞ்சடைத்த குழாய்கள்தான்.

இங்கே விடால் டெஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. பூந்தமல்லி ரோடு நெடுக எந்த லேபில் நுழைந்தாலும் காய்ச்சலுக்கு முதலில் இதைத்தான் எடுப்பார்கள். 1896-ல் பாரிஸில் பிறந்த டெஸ்ட் இது. கிருமியையே தேடாமல், கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுகிறது. டைபாய்டு சகஜமாக இருக்கும் நம் ஊரில் பழைய காய்ச்சலின் மிச்சமும் அதில் தெரியும், மற்ற சில காய்ச்சலிலும் தெரியும். ஒரே ஒரு தடவை ஸ்லைடில் பார்த்துவிட்டு ‘டைபாய்டு பாசிட்டிவ்’ என்று பத்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ரத்தத்தை கல்ச்சர் செய்வதுதான் முறை. அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் யாருக்கும் பொறுமை இல்லை.

இனி தண்ணீருக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கருவி வெளிநாட்டில் பிறந்ததல்ல. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையத்தில் மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூவர் செய்தது. 1982-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அதை வெளியிட்டார்கள். லேபும் இல்லை, கரண்டும் இல்லை, கையில் தண்ணீர் மட்டும் இருக்கிறது என்ற நிலைமைக்கு ஏற்ற டெஸ்ட் அது. பெப்டோன், பாஸ்பேட், இரும்புச் சத்துள்ள ஓர் உப்பு, தயோசல்ஃபேட், கொஞ்சம் டீப்பால் சோப்பு. இதைக் கரைத்து, மடித்த டிஷ்யூ காகிதத்தில் ஒரு மில்லி ஊற்றி, உலர்த்தி, ஒரு சின்ன பாட்டிலுக்குள் போட்டுவிட வேண்டியது. சந்தேகத் தண்ணீரை 20 மில்லி கோடு வரை ஊற்றி 30 முதல் 37 டிகிரியில் வைத்தால், 12 முதல் 18 மணி நேரத்தில் கெட்ட தண்ணீர் கறுத்துவிடும். எங்கள் ஊர் சித்திரை வைகாசிக்கு இன்குபேட்டரே தேவையில்லை. சமையலறை அலமாரி போதும்.

ஏன் கறுக்கிறது? குடல் பாக்டீரியாக்களில் சில, தயோசல்ஃபேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்ஃபைடாகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் இத்தனை நேரம் பேசிய ஈ. கோலை இந்த வாயுவைச் செய்வதே இல்லை! சால்மோனெல்லா, சிட்ரோபாக்டர், புரோட்டியஸ், குளோஸ்ட்ரிடியம் போன்ற அதன் கூட்டாளிகள்தான் செய்கின்றன. மலம் வந்தால் இவர்களும் கூடவே வருவார்கள் என்ற கணக்கில் நிற்கிறது இந்த டெஸ்ட். திருடனைப் பிடிக்காமல் திருடனோடு வந்தவனைப் பிடிப்பது. நூறு ஆண்டு நுணுக்கமான பெயர் தேடலுக்குப் பிறகு, பெயரே வேண்டாம், ஆபத்தா இல்லையா என்று சொன்னால் போதும் என்று முடிவெடுக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் உண்டு. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக சோப்சியும் ஃபெண்டரும் இந்த முறையை ஆராய்ந்து எழுதிய அறிக்கை எச்சரிக்கையாகவே பேசுகிறது. நிலத்தடியில் மலத்தோடு சம்பந்தமே இல்லாத கந்தக பாக்டீரியாக்கள் உண்டு. அவையும் பாட்டிலைக் கறுக்க வைக்கும். சில போர்களில் பம்ப் போட்டதும் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்தத் தண்ணீரில் வாயு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஊற்றினால் ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டாம், உடனே கறுக்கும். ஆகவே ஊற்றியதும் கறுத்தால் அது வேதியியல், விடிந்த பிறகு கறுத்தால் அது உயிரியல். பாட்டிலை வாங்கிக் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு வரியை லேபிளில் போட்டால் எவ்வளவோ குழப்பம் தீரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நம் மலர் வாசகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்ட நாட்கள் அவை. அடையாற்றங்கரைக்கு நேர்ந்தது எங்களுக்கு நேரவில்லை. ஆனால் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கி, செப்டிக் டேங்குகள் நிரம்பி வழிந்து, சம்ப்புகளில் கலந்தது. தண்ணீர் வடிந்ததும் நாங்கள் சில பேர் இந்தப் பாட்டில்களை வாங்கி வீடு வீடாக வைத்தோம். மார்கழிக் குளிர் நெருங்கும் நேரம் என்பதால் இரண்டு நாள் வரை வைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை முதல் நாள் காலையிலேயே கறுத்துவிட்டன. பேச்சுக்கு மசியாத மனிதர்கள் கூட அந்தக் கறுப்பைப் பார்த்ததும் சம்ப்பை இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். எம்.பி.என். எண்ணைச் சொல்லியிருந்தால் ஒருவரும் அசைந்திருக்க மாட்டார்கள். பாட்டிலுக்கு அந்தச் சக்தி உண்டு.

மறுபடி வைத்தபோது பல பாட்டில்கள் கறுக்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி, “அப்ப இனிமே காய்ச்ச வேணாமா தம்பி?” என்று கேட்டார். “காய்ச்சுங்க பாட்டி” என்றேன். பாட்டில் பார்த்தது 20 மில்லி தண்ணீரை. இந்தியத் தரம் 10500 கேட்பது 100 மில்லியில் ஒரு ஈ. கோலை கூடக் கண்ணில் படக் கூடாது என்று. மஞ்சள் காமாலை தரும் வைரஸ்களைப் பற்றி இந்தப் பாட்டிலுக்கு ஒன்றும் தெரியாது. பாட்டில் கறுத்தால் பயப்பட வேண்டும் என்பது சரி, கறுக்காவிட்டால் நிம்மதி என்பது சரியல்ல. இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

2006-ல் மத்திய அரசு கிராமக் குடிநீர் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த பாட்டில்கள் ஊராட்சிகளுக்குப் பரவலாகப் போயின. 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பயிற்சி என்று ஏற்பாடு. இதற்கு மேல்படி கோலிலர்ட் வகை டெஸ்ட். 1988-ல் அமெரிக்காவில் எட்பெர்க் குழுவினர் வெளியிட்டது. கோலிஃபார்ம் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும், அதில் ஈ. கோலையும் இருந்தால் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். ஒரு நாளில் இரண்டு கேள்விக்கும் பதில். அதிலும் ஒரு ஓட்டை: ஈ. கோலை குடும்பத்திலேயே பொல்லாதவன் என்று பெயரெடுத்த ஓ-157 பெரும்பாலும் ஒளிர்வதில்லை.

கிட் கேட்காத கேள்விக்கு பதில் சொல்லாது என்பதற்கு உலகத்துக்கே பெரிய பாடம் கிடைத்தது இந்த ஊரில்தான். 1992 அக்டோபர். அப்போது இன்னும் மதராஸ். காலரா மாதிரியே வயிற்றுப்போக்கு பரவியது. காலரா பாக்டீரியாவில் அதுவரை 138 ஓ-வகைகள் தெரியும். ஆனால் பெரிய கொள்ளைநோயாகப் பரவியது ஓ-1 மட்டும்தான். ஆகவே எங்கும் முறை ஒன்றே: தட்டில் வளர்ந்ததை எடுத்து ஓ-1 ஆன்டிசீரம் ஒரு சொட்டோடு ஸ்லைடில் கலக்க வேண்டும். தயிர் திரிந்தாற்போலத் திரிந்தால் காலரா. திரியாவிட்டால் ‘ஓ-1 அல்லாதது’, பெரிதாகக் கவலைப்பட வேண்டாத ரகம்.

அந்த அக்டோபரில் திரியவில்லை. சர்க்கரை டெஸ்ட்கள், ஆக்ஸிடேஸ், எல்லாம் ‘விப்ரியோ காலரே’ என்றுதான் சொல்லின. படுக்கையில் கிடந்த நோயாளியும் அரிசிக் கஞ்சித் தண்ணீர் போலப் போய்க்கொண்டிருந்தார். ஆன்டிசீரம் மட்டும் ‘இது காலரா இல்லை’ என்றது! முன்பு காலரா பரவிய ஊர்களில் எதிர்ப்பு சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் விழுந்தார்கள், ஏனென்றால் அந்த எதிர்ப்பு ஓ-1-க்கு மட்டுமானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் கல்கத்தா தேசிய காலரா ஆய்வு நிலையத்தினரும் 1993-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதற்குள் அது கல்கத்தாவைத் தாண்டி பங்களாதேஷ் போய், சில மாதங்களில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பாதித்திருந்தது. தெரிந்த 138 ஆன்டிசீரத்தில் எதனோடும் ஒட்டாததால் ஓ-139 என்று எண் கொடுத்தார்கள். வங்கக் கடலோரத்தில் தோன்றியதால் ‘பெங்கால்’ என்று பட்டப்பெயர். மதராஸ் என்று வைக்காமல் விட்டார்களே என்று வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா தெரியவில்லை.

நடந்தது என்ன என்று பிறகு புரிந்தது. பழைய ஓ-1 எல் டோர் கிருமியே தன் மேல்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தது. மேல் உறையைத் தீர்மானிக்கும் மரபணுத் துண்டு வேறாகிவிட்டது, உள்ளே விஷம் அதேதான். உடுப்பைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் டெஸ்ட் ஏமாந்தது, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்ட பழைய டெஸ்ட் ஏமாறவில்லை. இருபது குழிக் கிட் ஒன்று அன்றைக்கு இருந்திருந்தாலும் ‘விப்ரியோ காலரே’ என்று சரியாகவே சொல்லியிருக்கும், ஆனால் ஓ-1-ஆ, புதியதா என்று சொல்லியிருக்காது. இரண்டு வகைக் கேள்வியும் வேண்டியிருந்தது. திரியாத சொட்டைப் பார்த்து ‘காலரா இல்லை’ என்று மூடிவைக்காமல், நோயாளியையும் பார்த்துவிட்டு ‘ஏதோ இடிக்கிறதே’ என்று யோசித்தவர்களால்தான் விஷயம் வெளியே வந்தது. அவர்களில் பலர் தமிழ்நாட்டு லேப்களில் வேலை பார்த்தவர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அதற்கப்புறம் கிட்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஓ-1-க்கு ‘காலரா ஸ்மார்ட்’, கையோடு ஓ-139-க்கு ‘பெங்கால் ஸ்மார்ட்’ என்று தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருள் கிட்கள் 1990களின் நடுவில் வந்தன. கலர் வருவதற்குச் சில நிமிஷங்கள் போதும். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் உருவான டிப்ஸ்டிக் 2000களில் நம் சூரத்திலேயே ஸ்பான் டயக்னாஸ்டிக்ஸ் தயாரிப்பில் ‘க்ரிஸ்டல் வி.சி.’ என்று வெளிவந்தது. ஹைதராபாத் சாந்தா பயோடெக்கின் வாய்வழித் தடுப்பு மருந்து 2009-ல் உரிமம் பெற்றபோது, அதிலும் இரண்டு வகையும் இருந்தது.

டிப்ஸ்டிக்கை மலத்தில் நேராக நனைத்தால் காலரா இல்லாதவர்களுக்கும் சில சமயம் கோடு விழுந்துவிடுகிறது. அதற்குச் செய்யும் பரிகாரம்தான் சுவாரஸ்யம். மாதிரியை முதலில் காரத்தன்மையுள்ள பெப்டோன் தண்ணீரில் சில மணி நேரம் வளரவிட்டு, பிறகு ஸ்டிக்கை நனைக்கிறார்கள். காலரா கிருமிக்குக் காரம் பிடிக்கும், மற்றவை பின்தங்கிவிடும். பாட்டனார் காலத்து பெப்டோன் பாட்டிலேதான், இன்குபேட்டரும் அதே 37 டிகிரிதான். இப்படிச் செய்தால் ஸ்டிக்கின் பேச்சை நம்பலாம் என்கிறார்கள். அப்போதும் கோடு விழுந்தால் ஊரில் காலரா புகுந்திருக்கிறதா என்று முடிவெடுக்கக் கல்ச்சர்தான் வேண்டும். ஸ்டிக் அவசரத்துக்கு அடிக்கும் மணி.

அந்த ஸ்டிக்கில் மூன்று கோடுகளுக்கு இடம் உண்டு. ஒன்று கன்ட்ரோல், ஸ்டிக் வேலை செய்கிறது என்பதற்கு. ஒன்று ஓ-1. மூன்றாவது ஓ-139, 1992-ல் நம் ஊரில் தலைகாட்டிய அந்தப் புதிய ஆள். 2000களின் நடுவிலிருந்து அது ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. ஓ-1 பழையபடி தன் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இருந்தும், அந்த மூன்றாவது கோட்டுக்கான இடத்தை ஸ்டிக்கில் விட்டே வைத்திருக்கிறார்கள்.